முதல் ஆட்டம் எப்போதும் அடிவாரத்துப் பள்ளிக்கு

மாஸ்டர், எங்கள் பள்ளி வாங்கிய கால்பந்துக் கோப்பைகளை நாங்கள் ஆடி ஜெயிக்கவில்லை. நீங்கள் நேரம் குறித்து ஜெயித்தீர்கள். அடிவாரத்துப் பள்ளிப் பையன்களை, அவர்கள் மைதானத்துக்குள் கால் வைப்பதற்கு முன்பே தோற்கடித்தவர் நீங்கள்தான்.

உங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு கரும்பலகை. ஜோனல் போட்டிக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து அதைத் தூக்கி வந்து கோல் கம்பத்தில் சாய்த்து வைப்போம். நீங்கள் வெள்ளை அரைக்கால் சட்டையோடு, விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு முட்டியை மண்ணில் ஊன்றி எழுதுவீர்கள். இடது பக்கம் பள்ளிகளின் பெயர்கள். இரண்டிரண்டு பெயரைச் சேர்த்து ஒரு கோடு. வலது பக்கம் போகப் போகக் கோடுகள் குறைந்து கடைசியில் ஒன்றாகும். அந்தக் கடைசிக் கோட்டில் நிற்கப் போவது நாங்கள் என்பது நீங்கள் முதல் பெயரை எழுதும்போதே எங்களுக்குத் தெரியும். சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருப்போம். பெருமையாக இருக்கும். இன்றைக்கு அந்தப் பெருமையை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளில் தருமபுரியைச் சுற்றியிருந்த பள்ளிகளில் கோல் கம்பம் நட்ட முழு மைதானம் எங்கள் பள்ளிக்கு மட்டும்தான் இருந்தது. அதனால் ஜோனல் கால்பந்து வருடா வருடம் எங்களிடம் நடந்தது. நடத்துகிற பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்தான் யார் யாரோடு, எப்போது ஆடுவது என்று அட்டவணை போட வேண்டும். அந்த ஆசிரியர் நீங்கள். ஊரே உங்களை மாஸ்டர் என்று கூப்பிட்டது. தோற்றவன் வீட்டுக்குப் போக வேண்டிய போட்டி அது. எல்லா ஆட்டமும் ஒரே நாளில் முடிய வேண்டும். வெளியூர்ப் பையன்களை ராத்திரி தங்க வைக்க இடம் கிடையாது. ஒரே நாள் என்பதால் கடைசி ஆட்டத்தில் யாருடைய காலில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கோப்பை. அதை முடிவு செய்வது அட்டவணை.

இதில் ஒரு வழக்கம் இருந்தது. சோறு போடுகிற பள்ளிக்கு முதல் சுற்றில் ஆட்டம் கிடையாது. ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகலாம். அதற்கு 'பை' என்று பெயர். எந்த விதிப் புத்தகத்திலும் இப்படி எழுதியிருக்கவில்லை. வந்திருக்கும் அத்தனை பேருக்கும் மத்தியானச் சோறு எங்கள் பள்ளிச் செலவு. அதற்கு மரியாதையாக மற்ற பள்ளி வாத்தியார்கள் விட்டுக்கொடுத்தார்கள். பிறகு அது எங்கள் உரிமை போல ஆகிவிட்டது. ஒருத்தர் வீட்டு இலையில் உட்காரப் போகிறவன் அந்த வீட்டுக்காரனிடம் நியாயம் பேச மாட்டான் என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்கு இன்னொன்றும் தெரியும். பஸ் நேரம். எந்த ஊரிலிருந்து எந்த பஸ் எப்போது கிளம்பும், எந்த டிரைவர் எங்கே நிறுத்தி டீ குடிப்பார் என்பது வரை மனப்பாடம். வாத்தியார்கள் யாராவது ஊருக்குப் போவதென்றால் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு நிறைய பஸ் உண்டு. அவர்களுக்குப் பத்து மணிக்கு மேல் ஆட்டம் போட்டீர்கள். வத்தல்மலை அடிவாரத்திலிருந்து காலையில் வருவது ஒரே பஸ். அவர்களுக்கு எட்டரை மணி. அதுவும் போட்டியைச் சந்தை நாளில் வைத்தீர்கள். சந்தை நாளில் அந்தப் பஸ்ஸில் ஆடும் கோழியும் கூடையும் ஏறிய பிறகு மனுஷனுக்கு இடம் இருக்காது. ஒரு வருடம் அப்படி நடந்தால் தற்செயல். வருடா வருடம் முதல் ஆட்டம் எப்படி அடிவாரத்துப் பள்ளிக்கே விழும்?

ஏன் என்பது எனக்குத் தெரியும். எங்களை அடிக்கக்கூடிய ஒரே அணி அதுதான்.

அந்த அணியின் கேப்டன் என் மாமன் மகன். அம்மாவின் அண்ணன் பையன். மாமாவுக்கு அடிவாரத்தில் மேட்டுக்காடு. கேழ்வரகும் நிலக்கடலையும் போடுவார். என் அப்பாவுக்கு டவுனில் வாட்ச்மேன் வேலை கிடைத்ததால் நாங்கள் தருமபுரிக்கு வந்துவிட்டோம். அவ்வளவுதான் எனக்கும் அவனுக்கும் வித்தியாசம். அப்பாவுக்கு அந்த வேலை கிடைக்காமல் போயிருந்தால் நானும் அந்த எட்டரை மணி ஆட்டத்துக்கு ஓடி வந்திருப்பேன். மாதத்தில் ஒரு ஞாயிறு மாமா ஊருக்குப் பூசைக்குப் போவோம். பூசை முடிந்து பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது கோயிலுக்குப் பின்னால் உள்ள களத்தில் பந்து ஆடுவோம். என் காலில் பள்ளிக்கூடத்து பூட்ஸ். அவன் வெறுங்கால். நான் லெஃப்ட் பேக், தடுக்கிற ஆள். அவன் என்னைத் தாண்டிப் போகாத நாளே கிடையாது. போய்விட்டுத் திரும்பி வந்து, மூச்சுக்கூட வாங்காமல் சொல்லுவான்.

"நீ கதவாட்டம் நிக்கற மாப்ள. ஆனா எந்நேரமும் தொறந்தே கெடக்கற."

மாமா சிரிப்பார். எனக்குக் கோபம் வரும். ஆனால் அவன் என்னைவிட நல்ல ஆட்டக்காரன் என்பதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

நாங்கள் பத்தாவது படித்த வருடம் அது. மாமா தெளிவாகச் சொல்லிவிட்டார். பத்தோடு போதும். பரீட்சை முடிந்ததும் மேஸ்திரியோடு பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போக வேண்டும். அவனுக்கு இருந்த வழி ஒன்றுதான். அந்த வருடம் அரசு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க ஒருவர் எங்கள் ஜோனலுக்கு வருவதாக இருந்தது. எடுத்துக்கொண்டால் சாப்பாடு, துணி, பன்னிரண்டு வரை படிப்பு, எல்லாம் இலவசம். ஆனால் அவர் இறுதி ஆட்டத்தை மட்டும்தான் பார்ப்பார். அவரை அழைத்ததே நீங்கள்தான். போட்டிக்கு முந்தைய ஞாயிறு களத்து மேட்டில் உட்கார்ந்து என் மாமன் மகன் என்னிடம் சொன்னான்.

"ஃபைனலுக்கு வந்துட்டாப் போதும் மாப்ள. கப்ப நீங்களே எடுத்துக்கங்க. நான் ஆடறத அந்தாளு ஒரு தடவ பாத்துட்டாப் போதும்."

போட்டியன்று காலை எட்டரை ஆனது. அடிவாரத்து அணி வரவில்லை. எதிரணி மைதானத்தில் வரிசையாக நின்றது. நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்து வராவிட்டால் வாக்ஓவர், அதாவது ஆடாமலே தோல்வி. விசிலை வாயில் வைத்துவிட்டீர்கள். அப்போதுதான் கேட் பக்கம் சத்தம் கேட்டது. என் மாமன் மகன் முன்னால் ஓடி வந்தான். பின்னால் மற்றவர்கள், செம்மண் பூசிய கால்களோடு. கடைசியில் அவர்களுடைய கணக்கு வாத்தியார், வேட்டியை மடித்துக் கட்டி, பந்து வலையைத் தோளில் போட்டுக்கொண்டு. அந்தப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பதவியே கிடையாது. கணக்கு வாத்தியார்தான் கூட்டி வருவார்.

"சந்தை பஸ்ஸுங்க சார், ஏறவே வுடலீங்க," என்றார் அவர், மூச்சிரைக்க. "பாதி தூரம் நடந்தம். அப்பறம் ஒரு கல்லு லாரிய கைகாட்டி நிறுத்தி, கல்லு மேல குந்திக்கிட்டு வந்தம்ங்க."

"சட்டப்படி வாக்ஓவர் கொடுக்கணுங்க வாத்தியாரே," என்றீர்கள். "நம்ம ஆளுங்கன்னு வுடறேன். சீக்கிரம் எறக்குங்க."

அந்த மனுஷர் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். சந்தை நாளில் எட்டரைக்கு ஆட்டத்தை வைத்த உங்களை, பஸ்ஸில் ஏற முடியாமல் நடந்து வந்த அவர் கும்பிட்டார். நீங்கள் அதை வாங்கிக்கொண்டீர்கள். நான் நான்கு அடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கினார்கள். ஜெயித்தார்கள். என் மாமன் மகன் இரண்டு கோல் போட்டான். மற்ற ஆட்டங்கள் முடிவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அவர்களுக்கு அடுத்து அரையிறுதி. நிழலில் உட்கார்ந்து காலை நீட்டுவதற்குள் கூப்பிட்டுவிட்டீர்கள். கணக்கு வாத்தியார் மறுபடியும் வந்தார்.

"பசங்க காலையில இருந்து ஒன்னும் திங்கலீங்க சார். ஒரு அரை மணி வுட்டு வையிங்க."

"சோறு போடறம், கிரவுண்டு கொடுக்கறம், விசிலும் ஊதறம்," என்றீர்கள், எல்லோருக்கும் கேட்கும்படி. "இன்னும் என்னங்க, விசிறி வுடணுமா?"

மைதானமே சிரித்தது. எங்கள் அணியும் சிரித்தது. கணக்கு வாத்தியாரும் சிரித்தார், வேறு என்ன செய்வார். அந்தக் கொளுத்துகிற வெயிலில் அவர்கள் அரையிறுதியையும் ஜெயித்தார்கள். எங்களோடு அரையிறுதி ஆட வேண்டிய அணியில் இரண்டு பையன்களுக்குக் காலில் அடி. ஆள் பற்றவில்லை என்று ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். ஆகவே முதல் சுற்றில் பை, அரையிறுதியில் வாக்ஓவர். காலையிலிருந்து ஒரு பந்தைக்கூட உதைக்காமல் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். அவர்களுக்கு அது மூன்றாவது ஆட்டம்.

நடுவில் சாப்பாடு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். அவர்களைப் பந்தியில் உட்கார வைத்தீர்கள். எங்களை வைக்கவில்லை. "நீங்க ஜெயிச்சுட்டு வந்து தின்னலாம்டா," என்று எங்கள் கையில் குளுக்கோஸ் தண்ணீரும் எலுமிச்சைத் துண்டும் கொடுத்தீர்கள். அடிவாரத்துப் பையன்கள் வீட்டில் தினமும் களி தின்கிறவர்கள். நெல்லுச்சோறு அவர்களுக்குப் பண்டிகைக்கு, கல்யாணத்துக்கு. அன்று ஆவி பறக்கிற சோறு, முட்டைக் குழம்பு. நீங்களே கரண்டியை வாங்கிப் பரிமாறினீர்கள். "தின்னுங்கடா கண்ணுங்களா, வெக்கப்படாதீங்க," என்று இரண்டாம் முறை, மூன்றாம் முறை போட்டீர்கள். கணக்கு வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. வயிறு நிறைந்தால் ஓட முடியாது என்பது அவருக்குத் தெரியாது, பாவம், கணக்கு வாத்தியார். என் மாமன் மகனுக்குத் தெரியும். தெரிந்தும் தின்றான். பின்னால் ஒரு நாள் அவனே சொன்னான். "சோத்தப் பாத்ததும் ஆட்டம் மறந்து போச்சு மாப்ள. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்ச வவுறு."

இலை எடுத்துக் கொஞ்ச நேரத்தில் இறுதி ஆட்டத்துக்கு விசில் ஊதிவிட்டீர்கள். விடுதிக்காரர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் கோல் அவர்கள் போட்டார்கள். என் மாமன் மகன் வலது பக்கம் போவது போலச் சாய்ந்து இடது பக்கம் போனான். களத்தில் நூறு தடவை பார்த்த அதே வித்தை. நான் அதே மாதிரி நின்றேன். விடுதிக்காரர் எழுந்து நின்று பக்கத்தில் இருந்தவரிடம் அவன் பெயரைக் கேட்டார். நான் கேட்டேன், என் காதால். அந்த நிமிடத்தில் அவன் விடுதிக்குப் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இருந்தது.

இரண்டாம் பாதியில் அவர்கள் ஒவ்வொருவராக விழத் தொடங்கினார்கள். ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். ஒருவன் நின்ற இடத்திலேயே நின்றான். நாங்கள் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்கள் போல ஓடினோம். இரண்டு கோல் போட்டுவிட்டோம். பிறகு என் மாமன் மகன் விழுந்தான். கெண்டைக்காலில் கொரக்களி. சதை சுருண்டு மேலே ஏறிக்கொண்டது. பந்து மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. நான் போய் அவன் பாதத்தைப் பிடித்து இழுத்து நீவினேன்.

"காலு கல்லாட்டம் ஆயிடுச்சு மாப்ள," என்றான். "சோறு வேற மேல மேல வருது."

கோட்டுக்கு வெளியே இருந்து உங்கள் குரல் கேட்டது. "டேய்! ஆட்டத்தப் பாருடா! சொந்தக்காரன வூட்ல போயி பாத்துக்கலாம்!"

அப்போது அந்தக் கோடியில் எங்கள் மூன்றாவது கோல் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் விடுதிக்காரர் உங்களோடு வந்து எங்கள் எதிரில் நின்றார். என் தோளைத் தட்டினார். "இந்த லெஃப்ட் பேக் பையனுக்கு ஸ்டாமினா ஜாஸ்திங்க. ஆரம்பத்துல ஓடுன மாதிரியே கடைசி வரைக்கும் ஓடறான்," என்றார். "தினம் காலையில ஓட வுடறேனுங்க சார்," என்றீர்கள் நீங்கள். அவர் என் மாமன் மகனைப் பார்த்தார். அவன் இன்னும் தரையில்தான் இருந்தான். "அந்த ஃபார்வர்டு கால்ல வித்தை இருக்குது. தம் இல்லீங்க," என்றார்.

நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள், மாஸ்டர். அவன் விடியும் முன் எழுந்து நடந்தது, கல் லாரியில் வந்தது, அது அவனுக்கு மூன்றாவது ஆட்டம் என்பது, எனக்கு அது முதல் ஆட்டம் என்பது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. ஒரு வாக்கியம் போதும். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். என்னையும் எங்கள் அணியில் இன்னொருவனையும் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம், ஜோனலில் ஜெயித்தவர்கள் மோதுகிற டிவிஷன் போட்டிக்காக சேலம் போனோம். அங்கே நாம் விருந்தாளி. பை நமக்கு இல்லை. காலையில் முதல் ஆட்டம் ஆடி ஒரு கோலில் தப்பித்தோம். உடனே அடுத்த ஆட்டம் என்றார்கள். எங்களில் ஒருவனும் நடுவில் ஓய்வில்லாமல் இரண்டு ஆட்டம் ஆடியதில்லை. வருடக் கணக்கில் ஜோனல் சாம்பியன். அடுத்தடுத்த ஆட்டம் என்றால் என்னவென்றே எங்கள் கால்களுக்குத் தெரியாது. நீங்கள் அங்கே போட்டி நடத்தியவரிடம் போய், பையன்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று கேட்டீர்கள். அவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். எத்தனை கோல் வாங்கினோம் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எண்ணுவதைப் பாதியில் நிறுத்திவிட்டோம். எங்கள் கோல் கீப்பர் அழுதுகொண்டே பந்தைப் பொறுக்கி வந்தான்.

மாணவர் சலுகை டிக்கெட் என்பதால் மொரப்பூர் வரை ரயிலில் திரும்பினோம். நீங்கள் உங்கள் பணத்தில் வாழைப்பழம் வாங்கி ஆளுக்கு இரண்டு கொடுத்தீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னீர்கள். "நான் படிக்கறப்ப எங்கள இப்பிடித்தான்டா சாவடிச்சானுங்க. விடியால ஒரு மேட்ச், மத்தியானம் ஒரு மேட்ச். டவுன் பசங்க தூங்கி எந்திரிச்சு வருவானுங்க. அன்னிக்கே தெரிஞ்சுக்கிட்டன். சாக்பீஸு எவன் கையில இருக்குதோ, கப்பு அவனுக்கு. இங்க நம்ம கையில இல்ல, அவ்வளவுதான்."

நான் வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு கேட்டேன். நீங்களும் ஒரு கிராமத்துப் பள்ளியிலிருந்து முதல் ஆட்டத்துக்கு ஓடி வந்த பையன்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பட்டவனுக்குத்தான் வலி தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வலியை வைத்திருந்து அடுத்தவனுக்குக் கொடுத்தீர்கள். நீங்கள் கெட்டவர் இல்லை. எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லி பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். பூட்ஸ் வாங்க வழியில்லாத பையன்களுக்குச் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தவர். எங்கள் மேல் உயிரையே வைத்திருந்தீர்கள். அந்தப் பிரியத்துக்குள்தான் இத்தனை அநியாயமும் இருந்தது. அதனால்தான் உங்களைத் திட்டவும் முடியாமல், மறக்கவும் முடியாமல் இத்தனை வருடம் போனது.

விடுதியில் நான் ஒரு வருடத்துக்கு மேல் நிற்கவில்லை. முதல் வாரமே காலை ஓட்டத்தில் பின்தங்கினேன். காலை, மாலை என்று ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்தார்கள். இரண்டாவதில் என் கால் நகரவில்லை. "ஸ்டாமினான்னு எழுதி அனுப்பியிருக்காங்களே, எங்கடா அது?" என்று அங்கிருந்த பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார். வருடக் கடைசியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தருமபுரி பஸ் நிலையத்தில் இறங்கியபோது, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் மாமன் மகன் அதற்குள் பெங்களூரில் நான்காவது மாடியில் பலகை அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த இடம் கிடைத்திருந்தால் அவன் கடைசி வரை நின்றிருப்பான். எனக்குக் கிடைத்தது, நான் வீணாக்கினேன். ஒரு இடம், இரண்டு பேருக்கும் இல்லாமல் போனது. ஓட வேண்டியவனை உட்கார வைத்தீர்கள், உட்கார வேண்டியவனை ஓடுகிறவன் என்று அனுப்பினீர்கள்.

அவன் இப்போது சின்ன அளவில் சென்ட்ரிங் கான்டிராக்ட் எடுக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். என்மேல் கோபம் கிடையாது. ஆனால் அன்றைக்குப் பிறகு அவன் என்னை மாப்ள என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். 'ஸ்டாமினா' என்றுதான் கூப்பிடுகிறான். சொந்தத்தில் எல்லோருக்கும் அதுவே என் பெயராகிவிட்டது. அவன் பிள்ளைகளுக்கு நான் 'ஸ்டாமினா மாமா'. ஏன் அந்தப் பெயர் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் நன்றாக ஓடுவேன் போல என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், காதுகுத்திலும், பந்தியின் அந்தப் பக்கத்திலிருந்து "வா ஸ்டாமினா, இங்க எடம் இருக்குது" என்று அவன் கையைக் காட்டும்போது, எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை.

இப்போது பழைய மாணவர்கள் சேர்ந்து உங்களுக்கு விழா எடுக்கிறார்கள். மைதானத்தில் கட்டிய புது மேடைக்கு உங்கள் பெயர். ஜோனல் சாம்பியன் ஆன வருடங்களை எல்லாம் கல்லில் வெட்டிப் பதிக்கப் போகிறார்கள். அதில் எங்கள் வருடமும் இருக்கும். என்னையும் விழா மலருக்கு எழுதச் சொன்னார்கள். உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை. மாமன் மகனிடம் போனில் சொன்னேன்.

"போயி மாலயப் போடு ஸ்டாமினா," என்றான். "ஒன்னால மேட ஏற முடியும். எனக்கு கொரக்களி புடிச்சுக்கும்."

சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான். "அந்தாளு உயிரோட இருக்கறாரில்ல? நல்லா பேசறாரா?" நல்லாப் பேசுகிறார் என்றேன். "அப்பச் சரி," என்று வைத்துவிட்டான்.

இப்போது அட்டவணை வாட்ஸாப்பில் வருகிறது. பள்ளிகளுக்கு வேன் இருக்கிறது. இரண்டு நாள் ஆட்டம் நடக்கிறது. ஆனாலும் நடத்துகிற பள்ளிக்குப் பை போவது நிற்கவில்லை என்று கேள்விப்படுகிறேன். வழக்கம் என்கிறார்களாம். அந்த வழக்கத்தால் தோற்றவன் மட்டும்தான் கெட்டான் என்று நினைக்க வேண்டாம். ஜெயித்தவனைப் பாருங்கள். எனக்கு வயது அறுபதை நெருங்குகிறது. நான் நல்ல ஆட்டக்காரனா இல்லையா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டு ஆட்டம் ஆடிக் களைத்து வந்தவனை, சோறு நிறைந்த வயிற்றோடு இருந்தவனை ஜெயித்தேன். அதை வைத்து எதைத் தெரிந்துகொள்வது? தோற்றிருந்தால்கூட ஒரு உண்மை கையில் இருந்திருக்கும். அந்தக் கல்லில் எங்கள் வருடத்தை வெட்டினால், அதன் பக்கத்தில் நிற்க எனக்கு அருகதை இருக்கிறதா என்பதும் தெரியாது.

தெரிந்தவர் ஒருவர்தான். வாரம் ஆறு நாள் எங்களை ஆட வைத்துப் பார்த்தவர், அவர்களையும் வருடா வருடம் பார்த்தவர், இரண்டு பக்கத்துக் கால்களையும் எடை போடத் தெரிந்தவர் நீங்கள் மட்டும்தான். அதனால் மாஸ்டர், விழாவுக்கு வருவேன். என் மாமன் மகனையும் கூட்டி வந்து முன் வரிசையில் உட்கார வைப்பேன். மாலை, சால்வை எல்லாம் முடிந்து உங்கள் கையில் மைக் வரும். நன்றி சொல்வதற்கு முன்னால் அத்தனை பேர் கேட்க ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அடிவாரத்துப் பையன்களும் நாங்களும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே மாதிரி தின்று, ஒரே எண்ணிக்கை ஆட்டம் ஆடியிருந்தால் நாங்கள் ஜெயித்திருப்போமா? இல்லை என்றால், அந்தக் கல்லை அடிவாரத்துப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆமாம் என்றால், எங்களை ஏன் ஆட விடவில்லை?